துடுப்போடு துப்பாக்கியும் வேண்டுமா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மினசோட்டா மாநிலத்துக்கும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்கும் இடையே, ஏரியை அடுத்து ஏரியாக, நடுநடுவே பாறைத் திட்டுகளும் பைன் மரக் காடுகளுமாக விரிந்து கிடக்கும் நீர்நாட்டில், பனிக்கட்டி உருகும் மே மாதம் முதல் இலைகள் நிறம் மாறும் செப்டம்பர் வரையில், ஆயிரக்கணக்கான மக்கள் சிறு துடுப்புப் படகுகளில் கூடாரத்தையும் உணவு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு, நாட்கணக்கில் ஊர்முகம் பாராமல் பிரயாணம் செய்கிறார்கள். அமெரிக்கப் பக்கத்தில் பவுண்டரி வாட்டர்ஸ் என்று பெயர் பெற்ற பகுதி மட்டுமே பத்து லட்சம் ஏக்கருக்கு மேற்பட்டது. அதற்குள் 1,000-க்கு மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. எல்லையைத் தாண்டினால் குவெட்டிகோ பூங்கா. கிழக்கே வெகுதூரம் சென்றால், 1893-இல் அமைக்கப்பட்ட அல்கான்குவின் பூங்கா. இரண்டு ஏரிகளுக்கு நடுவே நிலம் குறுக்கிட்ட இடத்தில் படகைக் கவிழ்த்துத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்து கடப்பதே அங்கே வழக்கமாதலால், மூட்டையில் ஏறும் ஒவ்வொரு ராத்தலுக்கும் பிரயாணிகள் கணக்குப் பார்ப்பார்கள். பல் துலக்கும் பிரஷ்ஷின் பிடியைப் பாதியாக நறுக்கிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. இவ்வளவு கண்டிப்பான கணக்கர்கள் ஒரு பொருளின் விஷயத்தில் மட்டும் வருஷந்தோறும் வாதாடி, ஒருபோதும் முடிவுக்கு வருவதில்லை. தற்காப்புக்காக ஒரு துப்பாக்கியை உடன்கொண்டு செல்வதா, வேண்டாமா என்பதே அந்த வாதம்.

வாதாடுகிறவர்களின் பேச்சைச் சற்றுப் பொறுமையோடு கேட்டால், அவர்கள் கரடியைப் பற்றிப் பேசுவதாகத் தோன்றினாலும், பாதி நேரம் தங்கள் தேசத்து அரசியலையே பேசிக்கொண்டிருப்பது விளங்கும். துப்பாக்கி வைத்திருப்பது அமெரிக்கனுக்கு 1791-இல் அரசியல் சட்டத்தில் ஏறிய இரண்டாவது திருத்தத்தின் வழியாக வந்த உரிமை. ஆகவே அதை எடுத்துச் செல்லவேண்டாம் என்று யாரேனும் புத்திமதி சொன்னால், தன் பிரஜா உரிமையின்மேலேயே கை வைக்கிறார்கள் என்று அவன் கொதித்தெழுகிறான். மறுபுறத்தில், வனத்தின் மௌனத்தை நாடிப் போகிறவர்களுள் பலருக்கு, பக்கத்து முகாமில் ஒருவன் இடுப்பில் ரிவால்வரோடு உட்கார்ந்திருப்பதைக் காண்பதே பிரயாணத்தின் புண்ணியம் முழுவதையும் கெடுத்துவிடப் போதுமானதாக இருக்கிறது. இவ்விரு உணர்ச்சிகளுக்கும் நியாயம் உண்டென்றாலும், நள்ளிரவில் கூடாரத்துக்கு வெளியே கேட்கும் கனத்த மூச்சுக்கு இவற்றுள் எதுவும் பதிலாகாது. ஆகையால் உரிமையை வழக்கறிஞர்களுக்கு விட்டுவிட்டு, பிரயோஜனத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முன்காலத்தில் அந்த நீர்வழிகளில் துப்பாக்கி இல்லாமல் போனவர்கள் அபூர்வம். 1670-இல் ஏற்பட்ட ஹட்சன் விரிகுடாக் கம்பெனி பீவர் தோலுக்கு விலையாகக் கொடுத்த பண்டங்களுள் துப்பாக்கி முக்கியமானது. ஆனால் அந்தக் காலத்துத் துப்பாக்கி பெரும்பாலும் சமையலுக்கு இறைச்சி கொண்டு வருவதற்காகச் சென்றதேயன்றி, காவலுக்காகச் சென்றதன்று. அந்த வேலையிலுங்கூட அது எத்தனை தூரம் கைவிடும் என்பதற்கு ஜான் ஹார்ன்பியின் கதை ஒன்றே போதும். வடகனடாவின் வெறும் நிலங்களைத் தன் வீடாகப் பாவித்த அந்த மனிதர், 1926-இல் இரண்டு இளைஞர்களை அழைத்துக்கொண்டு தெலான் ஆற்றங்கரைக்குப் போய், கரிபூ மான் கூட்டங்கள் அவ்வழியே வரும், சுட்டுத் தின்று குளிர்காலத்தைக் கழித்துவிடலாம் என்று நம்பியிருந்தார். மான்கள் வரும் காலம் தப்பிவிட்டது. துப்பாக்கிகள் சுவரில் சாய்ந்திருக்க, மூவரும் 1927-இல் ஒருவர் பின் ஒருவராகப் பட்டினியால் இறந்தார்கள்.

இக்காலத்துப் பிரயாணி உணவைப் பையில் கொண்டு போகிறான். துப்பாக்கியை அவன் விரும்புவது கரடிக்காக. பவுண்டரி வாட்டர்ஸ் முதலான தென்பகுதி ஏரிகளில் உள்ளது கருங்கரடி. அதன் சுபாவம் பெரும்பாலும் கோழைத்தனமானது. பாத்திரத்தைத் தட்டிக் கூச்சலிட்டால் ஓடிவிடுவது. ஓடாவிட்டால், யாரோ முன்பு அதற்குச் சோறு காட்டிப் பழக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இவ்வாறு சொல்லி விஷயத்தை முடித்துவிடலாம் என்றுதான் துப்பாக்கி வேண்டாதவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் உண்மை அவ்வளவு சௌகரியமாக இல்லை. கரடிகளின் தாக்குதலை ஆயுள் முழுவதும் ஆராய்ந்த கால்கரி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஸ்டீபன் ஹெரேரோவும் அவருடைய சகாக்களும் 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, 1900 முதல் 2009 வரையில் வட அமெரிக்கா முழுவதிலும் காட்டுக் கருங்கரடிகளால் மாண்டவர்கள் 63 பேர். ஒரு கண்டத்துக்கு, ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கு, இது மிகச் சொற்பம்தான். எனினும் அந்த மரணங்களில் நூற்றுக்கு 88 பங்கு, பயந்தோ குட்டியைக் காக்கவோ கரடி பாய்ந்ததனால் நேர்ந்தவையல்ல; மனிதனை இரையாகக் கருதி அது பின்தொடர்ந்து வந்ததனால் நேர்ந்தவை. அவ்வாறு வந்தவை அநேகமாகத் தனித்துத் திரியும் ஆண் கரடிகளே. குட்டியோடு இருக்கும் தாய்க் கரடியைக் கண்டு நடுங்குகிறவன், சந்தடியில்லாமல் தன்னையே பார்த்துக்கொண்டு நெருங்கும் ஒற்றைக் கரடியைக் கண்டுதான் அதிகமாக நடுங்கவேண்டும்.

அல்கான்குவினில் 1978-ஆம் வருஷம் மே மாதத்தில் மீன் பிடிக்கப் போன மூன்று பையன்களை ஒரே கரடி கொன்றது. அதே பூங்காவின் ஓப்பியாங்கோ ஏரியில் உள்ள ஒரு தீவில் 1991 அக்டோபரில் முகாமிட்ட இருவரை மற்றொரு கரடி கொன்றது. இவற்றைவிட என் மனத்தை அதிகம் வருத்துவது 2005 செப்டம்பரில் வட ஒன்டாரியோவின் மிசினைபி ஏரியில் நடந்தது. படகில் வந்து கரையில் முகாமிட்டிருந்த ஒரு பெண்மணியைக் கருங்கரடி தாக்கியபோது, அவருடைய கணவர் கையில் இருந்தது பேனாக்கத்தி ஒன்றுதான். அதைக் கொண்டே கரடியைத் திரும்பத் திரும்பக் குத்தி விரட்டி, தாமும் காயப்பட்ட நிலையில், மனைவியைப் படகில் கிடத்தித் துடுப்புப் போட்டு உதவி தேடிப் போனார். அந்த அம்மையார் பிழைக்கவில்லை. கணவரின் தீரத்துக்காகக் கனடா அரசாங்கம் பின்னர் விருது அளித்தது. இந்த மனிதரிடம் அன்று ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் என்று கேட்பவனை நான் மூடன் என்று சொல்லமாட்டேன். அந்தக் கேள்வியைக் கேளாமல் துப்பாக்கி அநாவசியம் என்று உபதேசிப்பவனிடத்தில்தான் எனக்கு நம்பிக்கை குறைவு.

ஆனால் அதே 2005-ஆம் வருஷம், அதற்கு மூன்று மாதங்கள் முன்பு, ஜூன் மாதத்தில், அலாஸ்காவின் வடகோடியில் ஆர்க்டிக் வனவிலங்குப் புகலிடத்தின் ஊடே ஓடும் ஹுலாஹுலா ஆற்றின் கரையில் நடந்ததையும் இதனோடு சேர்த்துப் படிக்கவேண்டும். வனவாசத்தில் நல்ல பழக்கமுள்ள தம்பதிகள் இருவர் ஆற்றில் படகு விட்டு வந்து, முகாமைச் சுத்தமாக வைத்து, உணவைக் கரடி திறக்க முடியாத பெட்டிகளில் பூட்டி, செய்யவேண்டியவற்றையெல்லாம் செய்துவிட்டு, கூடாரத்துக்குள்ளே துப்பாக்கியையும் வைத்துக்கொண்டு உறங்கினார்கள். பழுப்புக் கரடி ஒன்று கூடாரத்தின்மேல் விழுந்து இருவரையும் கொன்றது. பிறகு வந்து பார்த்த அதிகாரிகள் அந்தத் துப்பாக்கி பிரயோகிக்கப்படாமலே கிடந்ததைக் கண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை. உறக்கப்பைக்குள் கழுத்துவரை புதைந்து, கண் விழிப்பதற்கு முன்னமே துணி கிழிந்து, மேலே நூற்றுக்கணக்கான ராத்தல் கனம் விழும்போது, கை போய்த் தேடவேண்டிய பொருள் இரண்டு முழம் தள்ளியிருந்தாலும் இரண்டு காதம் தள்ளியிருந்தாலும் ஒன்றுதான்.

கரடியைக் காணும் நேரமும் கரடி மேலே விழும் நேரமும் எத்தனை நெருக்கமானவை என்பதைக் கற்பனையில் துப்பாக்கி பிடிக்கிறவர்கள் எண்ணுவதில்லை. பழுப்புக் கரடி மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவல்லது. அந்தக் கணக்குப்படி முப்பது மீட்டர் தூரத்தைக் கடக்க அதற்கு இரண்டு விநாடி ஆகும். வில்லோப் புதர் மண்டிய ஆற்றங்கரையில் முப்பது மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிவதே பெரும் பாக்கியம். அந்த இரண்டு விநாடிக்குள், ஈரம் படாமல் இருக்க நீர்புகாப் பையில் சுருட்டி வைத்த ரைபிளை எடுத்து, தோட்டாவை ஏற்றி, பாதுகாப்புத் தடையை நீக்கி, மேலும் கீழும் குதித்து வரும் ஒரு தலையைக் குறிபார்க்கவேண்டும். காயப்படுத்திவிட்டு நிறுத்தாமல் விட்டால் அதைவிடச் சுடாமலிருப்பதே மேல். அலாஸ்காவில் ஆற்றோரக் காடுகளில் வேலை செய்யும் உத்தியோகஸ்தர்கள் இதற்கென்றே வருஷந்தோறும் பயிற்சி பெறுகிறார்கள். பெட்டியில் வாங்கி வைத்து, வாங்கிய கடையில் இரண்டு முறை வெடித்துப் பார்த்துவிட்டு விடுமுறைக்குக் கொண்டு வருகிறவனுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்?

டாம் ஸ்மித் என்னும் ஆராய்ச்சியாளரும் ஹெரேரோவும் பிறரும் இவ்விஷயத்தை அலாஸ்காவின் பதிவேடுகளிலிருந்து அலசிப் பார்த்திருக்கிறார்கள். 2012-இல் வெளியான அவர்களுடைய ஆராய்ச்சி, 1883 முதல் 2009 வரையில் துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்கும் கரடிகளுக்கும் நேர்ந்த 269 சந்திப்புகளை எடுத்துக்கொண்டது. சுட்டவர்களுள் கைத்துப்பாக்கிக்காரர்கள் நூற்றுக்கு 84 பங்கும், நீண்ட துப்பாக்கிக்காரர்கள் 76 பங்கும் கரடியைத் தடுத்துவிட்டார்கள். இது துப்பாக்கிக்கு நல்ல சாட்சியம் அல்லவா என்று ஒரு திறத்தார் சொல்வார்கள். ஆனால் துப்பாக்கியை வைத்திருந்து சுட்டவர்களுக்கும், வைத்திருந்தும் சுடாதவர்களுக்கும் நேர்ந்த காயங்களை ஒப்பிட்டால், குறிப்பிடத்தக்க வேற்றுமை ஏதும் அதில் காணப்படவில்லை. அவர்களே 2008-இல் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சி, கரடி ஸ்பிரே என்று சொல்லப்படும் மிளகாய்ச் சாரப் புகையைப் பற்றியது. 1985 முதல் 2006 வரையில் நடந்த 83 நிகழ்ச்சிகளில் அது பழுப்புக் கரடிகளை நூற்றுக்கு 92 பங்கும் கருங்கரடிகளை 90 பங்கும் அடக்கியது. நெருங்கிய சந்திப்புகளில் அதை வைத்திருந்தவர்களுள் நூற்றுக்கு 98 பேர் காயமின்றித் தப்பினார்கள்.

இந்த இரண்டு ஆராய்ச்சிகளையும் அருகருகே வைத்து, 92 பெரிதா 84 பெரிதா என்று பள்ளிக்கூடப் பையன்போல் கணக்குப் போட்டுவிட்டு வெற்றி முழக்கம் செய்வது, ஸ்பிரேயின் ஆதரவாளர்களிடம் உள்ள கெட்ட வழக்கம். ஸ்பிரே பிரயோகிக்கப்பட்ட பல நிகழ்ச்சிகளில் கரடி பாய்ந்து வரவில்லை. மோப்பம் பிடித்துக்கொண்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. துப்பாக்கி நிகழ்ச்சிகளிலோ, அமைதியாக முடிந்தவை பதிவேட்டுக்கே வராமல் போவதும் சகஜம். ஸ்பிரேயும் சர்வரோக நிவாரணி அன்று. எதிர்க்காற்றில் அது நம் கண்ணையே எரிக்கும். ஏழெட்டு மீட்டருக்கு அப்பால் பயன்படாது. விமானப் பிரயாணிகள் அதைக் கொண்டுபோக முடியாது. ஏரியில் இறங்கும் சிறு விமானங்களின் ஓட்டிகளோ, அது உள்ளே வெடித்துவிட்டால் என்னாவது என்று அஞ்சி, மிதவைகளுக்குள் வைத்துக் கொண்டுபோவார்கள். 2023 செப்டம்பரில் பான்ஃப் தேசியப் பூங்காவில் அனுபவசாலிகளான இருவரைப் பழுப்புக் கரடி கொன்றபோது, அவ்விடத்தில் ஸ்பிரே டப்பா ஒன்று முழுவதும் பீய்ச்சி வெறுமையாகக் கிடந்தது. ஆனாலும் குறிபார்க்கத் தெரியாதவனும், கை நடுங்குகிறவனும், பக்கத்தில் மனைவி மக்கள் நிற்கும்போது தைரியமாகப் பிரயோகிக்கக்கூடியது அதுவே என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தவறிப் பட்டாலும் கண்ணீரோடு போகும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்து நம்முடைய சாம்பாரில் குடிபுகுந்த மிளகாய், பிறந்த ஊரில் இந்த உத்தியோகமும் பார்க்கிறதே என்று நமக்கு ஒரு வேடிக்கையான பெருமையும் இதில் உண்டு.

துப்பாக்கி அவசியம் என்று நானும் ஒப்புக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அது நார்வேயைச் சேர்ந்த ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம். பனிக்கடலின் ஓரத்தில் கயாக் விட்டுக்கொண்டு போகிறவர்கள் அங்கே முகாமிடுவது வெண்கரடியின் ராஜ்யத்தில். வெண்கரடிக்கு மனிதன் விருந்தாளியும் அல்ல, பகைவனும் அல்ல. அது இதுவரை தின்றுபாராத ஒரு வகைச் சீல் மட்டுமே. ஊர்ப்புறத்துக்கு வெளியே செல்கிறவர்கள் கரடியை விரட்டும் சாதனம் வைத்திருக்கவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. துப்பாக்கியும் கொண்டுபோவதுதான் நல்லது என்று ஆளுநர் அலுவலகம் அறிவுறுத்துகிறது. மரமும் புதரும் இல்லாத அந்த வெளியில் கரடி தொலைவிலேயே கண்ணில் படும். இரவில் முறைவைத்துக் காவல் இருப்பார்கள். ஆகவே ரைபிள் தன் வேலையைச் செய்வதற்குக் காலமும் இடமும் கிடைக்கின்றன. அங்கேயும் அது கைவிட்டதுண்டு. 2011 ஆகஸ்டில் பிரிட்டிஷ் மாணவர் குழு ஒன்றின் முகாமுக்குள் வெண்கரடி புகுந்தபோது, சுற்றிலும் கட்டியிருந்த எச்சரிக்கைக் கம்பி வெடிக்கவில்லை. தலைவர் எடுத்த பழைய ரைபிள் திரும்பத் திரும்ப விசையை இழுத்தும் சுடவில்லை. கடைசியில் கரடி சுட்டு வீழ்த்தப்படுவதற்குள் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்துவிட்டான், நால்வர் படுகாயம் அடைந்தார்கள். அன்றிரவு அங்கே காவல் போட்டிருக்கவில்லை. அந்த நிகழ்ச்சியிலிருந்து துப்பாக்கி வீண் என்று முடிவு கட்டுவது தவறு. துப்பாக்கியை நம்பிக் காவலைக் கைவிட்டால் இரண்டும் போய்விடும் என்று எடுத்துக்கொள்வதே பொருந்தும்.

அலாஸ்காவின் ஆறுகள் அபாயத்தின் அளவில் ஸ்வால்பார்டுக்கும் மினசோட்டாவுக்கும் நடுவில் உள்ளவை. அங்கே வேட்டையில் வளர்ந்து, 12 போர் துப்பாக்கியையோ கனமான ரைபிளையோ தன் கைபோல் பழக்கியவன் அதைக் கொண்டுபோனால் நான் ஆட்சேபிக்கமாட்டேன். அது அவனுக்கு மூன்றாவது அரண், உணவைப் பூட்டுவதும் முகாம் இடத்தைத் தேர்வதும் முதலிரண்டு அரண்கள் என்பதை அவன் மறவாதவரையில். தற்காப்புக்காகக் கரடியைக் கொன்றவன் அம்மாநிலச் சட்டப்படி உடனே தகவல் கொடுத்து, தோலையும் மண்டையோட்டையும் அரசாங்கத்திடம் ஒப்படைக்கவேண்டும். பயந்த நேரத்திலெல்லாம் சுட்டுத் தள்ளுகிறவர்களுக்கு இது ஒரு நல்ல கடிவாளம்.

கரடியைவிட மனிதனுக்குத்தான் பயப்படுகிறோம் என்று மெல்லச் சொல்லும் பிரயாணிகளும் உண்டு. முக்கியமாகத் தனியாகச் செல்லும் பெண்கள் சொல்வதை அலட்சியம் செய்யக்கூடாது. 2007 ஆகஸ்டில் பவுண்டரி வாட்டர்ஸின் பாஸ்வுட் ஏரியில் சில வாலிபர்கள் மோட்டார் படகுகளில் வந்து, முகாமிட்டிருந்த குடும்பங்களைச் சுற்றி வந்து துப்பாக்கியால் சுட்டு மிரட்டி அட்டகாசம் செய்தார்கள். கைதாகித் தண்டனையும் அடைந்தார்கள். அன்று முகாம்களில் யாரும் சுடப்படவில்லை. இருட்டில் ஒளிந்திருந்த தகப்பன் ஒருவன் தன் பிஸ்டலால் பதிலுக்குச் சுட்டிருந்தால், குடித்துவிட்டுக் கும்மாளம் போட வந்தவர்கள் கொலைகாரர்களாகத் திரும்பியிருக்கக்கூடும். கிளையின் சத்தத்தைக் காலடியாகவும், தண்ணீர் எடுக்கப் போன தோழனைத் திருடனாகவும் காணும் கண்ணுக்கு, ஏற்றி வைத்த துப்பாக்கி எவ்வகையிலும் நல்ல துணையாகாது.

சட்டத்தின் சிக்கல் வேறு. 2010 பிப்ரவரி 22 முதல் அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில், அந்தந்த மாநிலச் சட்டம் அனுமதிக்கும் வரையில், துப்பாக்கி வைத்திருக்கலாம். பவுண்டரி வாட்டர்ஸ் போலத் தேசிய வனங்களுக்குள் அடங்கிய பகுதிகளிலும் வைத்திருக்கலாம், ஆனால் முகாமிலிருந்து 150 கஜத்துக்குள் சுடக்கூடாது. அந்த ஏரிகளின் நடுவிலேயே சர்வதேச எல்லை ஓடுகிறது. மறுகரையில் கனடா, அங்கே கைத்துப்பாக்கி கண்டிப்பான கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது, அதன் விற்பனையையும் கைமாற்றத்தையும் 2022 அக்டோபரில் அரசாங்கம் பெரும்பாலும் நிறுத்திவிட்டது, கரடிக்குப் பயந்து கொண்டு வந்தேன் என்னும் சுற்றுலாப் பயணியின் சமாதானம் எல்லையில் எடுபடாது. வேட்டை ரைபிளாக இருந்தால் அறிவிப்புப் படிவம் எழுதி, 25 டாலர் கட்டணம் செலுத்தி, 60 நாளைக்கு அனுமதி பெறலாம். ஒன்டாரியோவின் மாகாணப் பூங்காக்களுக்குள், வேட்டைக்கு அனுமதிக்கப்பட்ட இடமும் பருவமும் நீங்கலாக, அதையும் கொண்டுபோகக்கூடாது. ஆகவே அல்கான்குவினிலும் குவெட்டிகோவிலும் படகு விடுகிறவனுக்கு இந்த விவாதமே சட்டத்தால் தீர்ந்துபோன விஷயம்.

இவ்வளவு நேரம் கரடியைப் பற்றிப் பேசினோம். ஆனால் துடுப்புப் பிரயாணிகளைக் கொல்வது கரடியன்று. அமெரிக்கக் கடலோரக் காவற்படை வருஷந்தோறும் வெளியிடும் கணக்கின்படி, 2022-இல் பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் இறந்தவர்கள் 636 பேர். கருங்கரடி கண்டம் முழுவதிலும் 110 வருஷத்தில் கொன்றவர்கள் 63 பேர் என்பதை இங்கே ஒரு முறை நினைத்துக்கொள்ளலாம். இறந்தவர்களுள் காரணம் தெரிந்தவர்களில் நூற்றுக்கு 75 பேர் நீரில் மூழ்கியவர்கள். மூழ்கியவர்களில் நூற்றுக்கு 85 பேர் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. வடநாட்டு ஏரிகளில் ஜூன் மாதத்திலும் தண்ணீர் ஐஸ்போல் இருக்கும். மானிடோபா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் தம்மையே பனிநீரில் ஆழ்த்திச் சோதித்துச் சொல்லும் கணக்கு இது: குளிர்நீரில் விழுந்தவனுக்கு மூச்சுத் திணறலை அடக்க ஒரு நிமிஷம், கையும் காலும் சொன்னபடி கேட்பது பத்து நிமிஷம், நினைவு தப்புவதற்கு ஒரு மணி. முதல் நிமிஷத்தில் வாயைத் திறந்து நீரை இழுத்துவிட்டவனுக்கும், பத்தாவது நிமிஷத்தில் விரல் மடங்காமல் படகின் விளிம்பைப் பற்றமுடியாமல் போனவனுக்கும், மிச்சமுள்ள நேரத்தைக் கொடுக்கக்கூடியது உடம்பில் கட்டியிருக்கும் மிதவை ஒன்றே.

ஆர்தர் மாஃபட் என்பவர் 1955-இல் ஐந்து பேரோடு மூன்று படகுகளில் வடகனடாவின் டுபான்ட் ஆற்றில் இறங்கிப் போனார். அவர்களிடம் துப்பாக்கி இருந்தது. கரிபூ மானைச் சுட்டுத் தின்றுகொண்டே போனார்கள். எந்த மிருகமும் அவர்களைத் தாக்கவில்லை. பிரயாணம் நீண்டு, கோடை கழிந்து, உணவு குறைந்து, அவசரம் அதிகமாகிவிட்ட செப்டம்பர் 14-ஆம் தேதி, இறங்கிப் பார்க்காமலே நுழைந்த ஒரு நீர்ச்சரிவில் இரண்டு படகுகள் கவிழ்ந்தன. கரைக்கு இழுத்துக்கொண்டு வந்த பிறகும் குளிர் உடம்பை விட்டுப் போகாமல், மாஃபட் அங்கேயே இறந்தார். வடநாட்டுத் துடுப்புப் பிரயாணத்தின் சரித்திரத்தில் இந்த வகை மரணங்களே மிகுதி. நீர்ச்சரிவும், பெரிய ஏரியில் பிற்பகலில் எழும் காற்றும், குளிரும் சேர்ந்து நிகழ்த்துபவை அவை. 1999 ஜூலை 4-ஆம் தேதி பவுண்டரி வாட்டர்ஸின்மேல் பாய்ந்த சூறைக்காற்று ஒரே பகலில் லட்சக்கணக்கான ஏக்கரில் மரங்களைச் சாய்த்துப் பலரைக் காயப்படுத்தியது. காய்ந்த மரத்தின் அடியில் கூடாரம் போடாதிருக்க யாருக்கும் தோட்டா தேவையில்லை.

துப்பாக்கியால் வரும் நஷ்டங்களுள் நான் பெரிதாக நினைப்பது அதன் கனத்தையோ விபத்தையோ அன்று, அது தரும் அலட்சியத்தை. இடுப்பில் ஏதோ இருக்கிறது என்னும் தெம்பில், மீன் கழுவிய நீரைக் கூடாரத்தின் வாசலிலேயே கொட்டுகிறவனும், பன்றியிறைச்சி வறுத்த சட்டியைக் கழுவாமல் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறவனும், கரடிக்கு அழைப்பிதழ் எழுதுகிறார்கள். மோன்டானா மாநிலத்தின் கிளேசியர் தேசியப் பூங்காவில் 1967 ஆகஸ்டில் ஒரே இரவில், வெவ்வேறு இடங்களில், இரண்டு யுவதிகளைப் பழுப்புக் கரடிகள் கொன்றன. அந்தப் பூங்காவில் அதுவரையில் கரடிகள் எச்சிலும் குப்பையும் தின்று பழகியிருந்தன. விருந்தினர்கள் கண்டு களிக்கட்டும் என்று அதைச் சும்மா விட்டும் வைத்திருந்தார்கள். அந்த இரவுக்குப் பிறகுதான் குப்பையை ஒழிக்கும் சட்டதிட்டங்கள் இறுகின. அதன் பின்னர் எத்தனையோ உயிர்களை, மனிதனுடையதும் கரடியினுடையதுமாக, காப்பாற்றியது பூட்டிய பெட்டியும் மரக்கிளையில் உயரத் தூக்கிக் கட்டிய உணவுப் பையுமே என்பது என் துணிபு.

ஆகவே என் தீர்ப்பு இது: வெண்கரடியின் நாட்டுக்குத் துப்பாக்கியோடும், அதைக் கையாளத் தெரிந்த ஆளோடும், இரவுக் காவலோடும் போகவேண்டும், பழுப்புக் கரடியின் ஆறுகளில் ஸ்பிரே ஒவ்வொருவர் மார்பிலும் தொங்கவேண்டும், துப்பாக்கி பழகியவனுக்கு மட்டும், கருங்கரடி உலவும் தென் ஏரிகளில் துப்பாக்கியை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு, ஸ்பிரேயும் விசிலும் எடுத்துக்கொண்டு போகலாம். மிசினைபியில் நடந்தது போன்ற ஒன்று மறுபடியும் நடக்கக்கூடுமா என்றால், நடக்கக்கூடும். அந்த ஒன்றுக்காக ஆயிரக்கணக்கான கூடாரங்களில் ஏற்றிய துப்பாக்கியை வைத்துக்கொண்டு உறங்கினால், அதனால் விளையும் சாவு கரடியால் விளைவதைவிடக் குறைவாயிருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

டொரண்டோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் நம்மவர்கள் கோடை விடுமுறையில் குடும்பத்தோடு அல்கான்குவின் பக்கம் போய்ப் படகை வாடகைக்கு எடுப்பது இப்போது அதிகமாகிவருகிறது. அவர்களுள் நீச்சல் தெரியாத பெரியவர்கள் பலர். குழந்தைகளுக்கு மட்டும் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுவிட்டு, தங்களுடையதைப் படகின் அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும் பெற்றோர்களும் உண்டு. ஆளுக்கு ஒன்று படகில் இருந்தால் போதும் என்றுதான் கனடாச் சட்டம் சொல்கிறது. அணிந்தே இருக்கவேண்டும் என்று பெரியவர்களை அது வற்புறுத்துவதில்லை. சட்டம் சொல்லாவிட்டாலும் நீங்கள் அணிந்துகொள்ளுங்கள். படகில் கால் வைப்பதற்கு முன்பே, கரையில் நின்றபடியே, வார்களை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.